காலியாகக் கிடக்கும் பொதுக் குடியிருப்பு வீட்டைச் சீரமைத்து அடுத்த குடும்பத்துக்கு ஒப்படைப்பது எப்படி

அரசோ உள்ளாட்சி அமைப்போ வாடகைக்கு விடும் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அடுத்த குடும்பம் சாவியைக் கையில் வாங்கும் நாள் வரை கழியும் காலத்தைக் கொண்டே பழுதுபார்ப்புப் பணியை அளக்க வேண்டும். பணி முடிந்த தேதியைக் கணக்கில் காட்டிவிட்டு, அதன் பிறகு ஒதுக்கீட்டுக் கோப்பு மேசையில் தூங்கிய வாரங்களைக் கணக்குக்கு வெளியே விட்டுவிடுவது எளிது. காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. பூட்டிய வீடு இருந்தபடியே இருப்பதும் இல்லை. புழக்கம் நின்றதும் கழிவுக்குழாய் வளைவுகளில் நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் வற்றிச் சாக்கடை வாடைக்கும் கரப்பானுக்கும் வழி திறந்துவிடுகிறது. மேல் வீட்டுக் கசிவைப் பார்த்துச் சொல்ல உள்ளே ஆள் இல்லை. குழாய்களில் தேங்கிய நீர் கெடுகிறது. காற்று நுழையாத சுவர்களில் ஓதம் ஏறுகிறது. ஆகவே தாமதத்தால் வாடகை வருவாய் மட்டும் போவதில்லை, செய்ய வேண்டிய வேலையும் கூடிக்கொண்டே போகிறது.

ஒரு வீட்டில் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் ஆகியோர் உண்மையில் வேலை செய்யும் நாட்களைக் கூட்டிப் பார்த்தால் அது பெரும்பாலும் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருக்கும். ஒருவர் முடித்துவிட்டுப் போய் மற்றவர் வந்து சேரும் வரை வீடு காத்திருக்கும் நாட்களும், வரிசை மாறிச் செய்ததால் உடைத்துத் திரும்பச் செய்யும் நாட்களுமே காலத்தை விழுங்குகின்றன. கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் இவ்விரண்டையும் குறைப்பதற்கான வழிகளே.

காலியாவதற்கு முன்பே

குடியிருப்பவர் வெளியேறுவதாக எழுதிக் கொடுத்தவுடன், அவர் வீட்டில் இருக்கும்போதே ஒரு முறை போய்ப் பார்ப்பது நல்லது. எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்தப் பிளக்கில் பொறி பறக்கிறது, மழைக்காலத்தில் எந்தச் சுவர் நனைகிறது என்பதை அங்கே வாழ்ந்தவரைப் போல வேறு எவரும் சொல்ல முடியாது. வீடு பூட்டப்பட்ட பிறகு இதே செய்திகளைக் கண்டறிய நாட்கள் ஆகும். அப்போதே தேவையான பொருட்களின் தோராயப் பட்டியலையும் எழுதிவிடலாம். வெளியேறும் நாளில் மின், நீர், எரிவாயு மீட்டர் அளவுகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் அறையையும் புகைப்படம் எடுத்து, எல்லாச் சாவிகளையும் கையெழுத்துடன் பெற்றுக்கொள்ள வேண்டும். குடியிருந்தவர் இறந்துபோயிருந்தாலோ சொல்லாமல் வெளியேறியிருந்தாலோ, உள்ளே இருக்கும் பொருட்களைச் சட்டம் கூறும் முறைப்படி பட்டியலிட்டு அறிவிப்புக் கொடுத்த பிறகே அகற்ற வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கி எறிந்த ஒரு பெட்டி வழக்காக மாறினால் அந்த வீடு ஆண்டுக்கணக்கில் முடங்கிவிடக் கூடும்.

முதல் நாள் ஆய்வு

முதலில் பூட்டை மாற்ற வேண்டும். பழைய சாவியின் நகல்கள் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்பது எவருக்கும் தெரியாது. பிறகு எரிவாயு வால்வை அடைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மெயின் சுவிட்சை நிறுத்தி, நீரின் தலைவால்வு முழுதாக மூடித் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். குப்பையை அள்ளும்போது உடைந்த கண்ணாடியும் ஊசியும் இருக்கலாம் என்பதால் தடித்த கையுறை இன்றிக் கை வைக்கக் கூடாது. மூட்டைப்பூச்சிகள் இரத்தம் கிடைக்காமலே பல மாதங்கள் உயிரோடு இருக்கக் கூடியவை என்பதால், வீடு காலியாக இருந்த காரணத்தால் அவை செத்திருக்கும் என்று எண்ணுவது தவறு; பூச்சி ஒழிப்பை மற்ற வேலைகளுக்கு முன்பே தொடங்க வேண்டும். கரப்பானுக்கு வீடு முழுதும் மருந்தடிப்பதைவிட, ஒளிந்திருக்கும் இடுக்குகளில் பசை வடிவ இரைமருந்து வைப்பதும், குழாய் சுவரைத் துளைத்து வரும் இடங்களை அடைப்பதும் நீடித்த பலன் தரும். எலி வரும் துளைகளில் வெறும் சாந்து போதாது. எஃகு நார்ச் சுருளை உள்ளே திணித்து அதன் மேல் பூச வேண்டும்.

ஆய்வுக்கு டார்ச், ஈரமானி, பிளக் சோதனைக் கருவி, ரசமட்டம், தட்டிப் பார்க்க ஒரு மரச்சுத்தி ஆகியவை போதும். டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினால், அடியில் சாந்து விட்டுப்போன டைல் வெற்றொலி எழுப்பித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். குறிப்புகளை அறைவாரியாக எழுதி, பிறகு அவற்றைத் தொழில்வாரியாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொரு தொழிலாளியும் தன் பங்கை ஒரே தாளில் பார்த்துக்கொள்ளலாம். ஆய்வு அந்த வீட்டோடு நின்றுவிடக் கூடாது. மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஒரு குளியலறையின் தரை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்தக் குளியலறையைவிடக் கீழ் வீட்டுக் கூரைதான் தெளிவாகச் சொல்லும்.

இந்த ஆய்வின் முடிவில் வீட்டை எந்த வகையில் சேர்ப்பது என்று தீர்மானிக்க வேண்டும். சுத்தம் செய்து, பூட்டு மாற்றி, வெள்ளையடித்தால் போதுமான வீடும், குளியலறையை முழுதாக உடைத்துக் கட்ட வேண்டிய வீடும், கட்டடப் பொறியாளரின் கருத்து தேவைப்படும் வீடும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. அப்படி நின்றால் சில நாட்களில் தயாராகக் கூடிய வீடு, பெரிய வேலையின் ஒப்பந்தப்புள்ளி முடிவாகும் வரை பின்னால் காத்துக் கிடக்கும். எளிய வேலைகளுக்கென்று ஒரு குழுவைத் தனியாக ஒதுக்கிவிடுவதே சிறந்த ஏற்பாடு.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கிடங்கில் பொருள் இல்லாதபோது, காலியாக இருக்கும் வீட்டிலிருந்து குழாயையும் கதவையும் கழற்றி வேறு வீட்டுக்குப் பொருத்துவார்கள். அன்றைய புகார் தீர்ந்துவிடும். ஆனால் எளிய வகையில் இருந்த வீடு ஒவ்வொரு பொருளாக இழந்து கனத்த வகைக்குப் போய்விடும், அதற்குக் கணக்கும் இருக்காது. குடியிருப்பு முழுமைக்கும் ஒரே வகைக் குழாய், ஒரே வகைப் பூட்டு, ஒரே வெள்ளை நிறம் என்று முடிவு செய்து, அவற்றைப் போதிய அளவில் இருப்பு வைப்பதே இதற்கு மாற்று.

உடைப்பதற்கும் தேய்ப்பதற்கும் முன்

பழைய கட்டடங்களில் இரண்டு ஆபத்துகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. ஒன்று ஈயம் கலந்த பெயின்ட். அமெரிக்காவில் வீடுகளுக்கு அதைப் பயன்படுத்துவது 1978இல் தடை செய்யப்பட்டது. வேறு பல நாடுகளில் தடை அதற்கும் வெகுகாலம் பின்னர்தான் வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. பெயின்டின் வயது தெரியாதபோது முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஈயம் இருந்தால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் தீச்சுவாலையால் சுட்டு உரிப்பதும் கூடவே கூடாது. நனைத்துச் சுரண்டி, தரையில் பிளாஸ்டிக் விரித்து, நுண்வடிகட்டி உள்ள வாக்குவம் கருவியால் தூசியை எடுக்க வேண்டும்.

இரண்டாவது ஆஸ்பெஸ்டாஸ். கூரைத் தகடுகளில் மட்டுமன்றி, பழைய வினைல் தரை ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய பசையிலும், வெந்நீர்க் குழாய்களின் மேலுறையிலும் அது இருக்கக் கூடும். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளுக்கும் தடை வந்தது 1999இல்தான் என்பதிலிருந்து, அது எவ்வளவு அண்மைக் காலம் வரை புழங்கியது என்பதை உணரலாம். உடையாமல் உறுதியாக இருப்பதை அப்படியே மூடிவிடுவது பல நேரங்களில் பாதுகாப்பானது. துளையிடவோ அகற்றவோ வேண்டுமானால் உரிமம் பெற்றவர்களிடமே விட வேண்டும்.

தண்ணீர்ப் பிரச்சினையை முதலில் தீர்ப்பது

வேலையின் வரிசையைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். கசிவின் மூலத்தை அடைத்து, சுவரை உலரவிட்டு, கான்கிரீட்டைச் சரிசெய்து, சுவருக்குள் போகும் குழாயையும் மின்கம்பியையும் மாற்றி, அவற்றைச் சோதித்த பிறகே பூச்சு வேலைக்கும் டைல்ஸுக்கும் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வேலை விரைவில் முன்னேற்றத்தைக் காட்டுவதால் அதை முதலில் செய்யும் ஆசை மேலதிகாரிகளுக்கு எழுவது இயல்பே. புதிய டைல்ஸை உடைத்துப் பழைய குழாயைத் தேடும் காட்சி அந்த ஆசையின் விளைவு.

கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை அதன் நடத்தையைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம். இரவும் பகலும் நிற்காமல் நனைந்தால் அது அழுத்தத்தில் உள்ள விநியோகக் குழாயாக இருக்கும். மேல் வீட்டில் குளிக்கும்போது மட்டும் நனைந்தால் கழிவுக்குழாய் அல்லது குளியலறைத் தரை. மழைக்குப் பிறகு மட்டும் நனைந்தால் வெளிச்சுவர், ஜன்னல் விளிம்பு அல்லது மொட்டைமாடி. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரை ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், முள் நகர்ந்திருக்கும் வீட்டில் விநியோகக் கசிவு உறுதி. கழிவுக்குழாயைச் சந்தேகித்தால் நிறச்சாயம் கலந்த நீரை ஊற்றிக் கீழே பார்க்கலாம்.

குளியலறைத் தரையை உடைத்துச் செய்யும்போது, நீர்க்காப்புப் பூச்சை ஒரு சடங்காக அடித்துவிட்டுப் போவதைக் காண முடிகிறது. தரையும் சுவரும் சேரும் மூலைகளைச் சாந்தால் வளைவாக்க வேண்டும், ஏனெனில் கூரிய மூலையில்தான் பூச்சு முதலில் விரிசல் விடும். சுவரில் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரம் வரையும், ஷவர் உள்ள பகுதியில் ஆள் உயரத்துக்கும் பூச்சு ஏற வேண்டும். குழாய் தரையைத் துளைக்கும் இடங்களைத் தனியாக அடைத்து, முதல் பூச்சு காய்ந்த பின் அதற்குக் குறுக்குத் திசையில் இரண்டாவது பூச்சை அடிக்க வேண்டும். அது முழுதும் இறுகிய பின், வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விட்டு, கீழ் வீட்டுக் கூரையைப் பார்த்த பிறகே டைல்ஸ் பதிக்க அனுமதி கொடுக்க வேண்டும். இந்த ஒரு நாளைச் சேமிக்க நினைக்கும் ஒப்பந்ததாரருக்கு மேற்பார்வையாளர் இணங்கவே கூடாது. டைல்ஸின் சரிவு வடிகாலை நோக்கி ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் இருந்தால் நீர் தேங்காது.

நெடுநாள் மூடிக் கிடந்த குழாய்களில் உள்ள நீரைக் குடிக்கவோ குளிக்கவோ பயன்படுத்தும் முன் முழுதாக வெளியேற்ற வேண்டும். நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையுள்ள தேங்கிய நீரில் பெருகுகிறது. நுண்திவலைகளை மூச்சில் இழுப்பதால்தான் அது தொற்றுகிறது. எனவே ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, நீர் தெறிக்காதபடி குழாயைத் திறந்துவிட வேண்டும். வெந்நீர்த் தொட்டி இருந்தால் அதை 60 டிகிரிக்கு ஏற்றி, அந்த வெந்நீரை ஒவ்வொரு குழாய் வழியாகவும் ஓடவிட வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் வெந்து போகாமல் இருக்கக் குழாய் முனையில் வெப்பநிலையைக் குறைக்கும் கலப்பு வால்வு பொருத்துவது அவசியம். வேலை நடக்கும் வாரங்களிலும் குழாய்களை அவ்வப்போது திறந்துவிடுவதையும், எல்லா வடிகால்களிலும் ஒரு வாளி நீர் ஊற்றுவதையும் யாராவது ஒருவரின் பொறுப்பாக எழுதி வைக்க வேண்டும்.

கூரையிலோ பால்கனியிலோ கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தால், அதுவும் பெரும்பாலும் தண்ணீரின் வேலையே. துருப்பிடித்த இரும்பு தன் பழைய பருமனைப் போல 2 முதல் 6 மடங்கு வரை பெருத்துக் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. பெயர்ந்த பகுதியின் மேல் சாந்து அப்பினால் அது மறுபடியும் உதிரும். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவை முழுதாகத் தேய்த்து நீக்கி, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த பழுதுச்சாந்தை அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். தூண், உத்தரம் ஆகியவற்றிலும், கம்பியே மெலிந்துபோன இடங்களிலும் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கும் முன் உளி வைக்கக் கூடாது.

பூஞ்சை

ஓதம் பிடித்த சுவரைப் பெயின்டால் மறைத்து வீட்டை ஒப்படைப்பது பழுதுபார்ப்பு ஆகாது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் சமூக வீட்டுவசதிக் குடியிருப்பு (குறைந்த வாடகைக்கு விடப்படும் பொது வீடு) ஒன்றில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டிலிருந்த பூஞ்சையை நெடுங்காலம் சுவாசித்ததால் ஏற்பட்ட மூச்சுக்குழல் நோயே காரணம் என்று 2022இல் நடந்த மரண விசாரணை முடிவு கூறியது. பூஞ்சை பற்றி முதலில் முறையிட்டபோது மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுமாறு தந்தைக்குச் சொல்லப்பட்டிருந்தது. இதன் பிறகே, சமூக வீடுகளின் உரிமையாளர்கள் இத்தகைய ஆபத்துகளைக் குறிப்பிட்ட காலத்துக்குள் சரிசெய்யக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு 2023ஆம் ஆண்டின் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

கசிவை அடைத்த பின்னும் பூஞ்சை வந்தால், அது சமையலிலும் குளியலிலும் துணி உலர்த்துவதிலும் எழும் நீராவி குளிர்ந்த சுவரில் படிவதால் உண்டாவது. அதற்கு மருந்து காற்றோட்டம். குளியலறையிலும் சமையலறையிலும் உள்ள காற்றுவெளியேற்றும் விசிறியின் வாயில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்தால் அது ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் விசிறி சுழல்கிறதே தவிர வேலை செய்யவில்லை. விசிறி விடும் காற்று கட்டடத்துக்கு வெளியே போகிறதா, அல்லது பொய்க்கூரைக்குள்ளேயே போகிறதா என்பதையும் ஏணி வைத்துப் பார்த்துவிட வேண்டும். பூஞ்சை ஊறிய ஜிப்சம் பலகையையும் மரத்தூள் பலகையையும் வெட்டி எறிய வேண்டும். கெட்டியான பரப்புகளைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி உலர்த்தினால் போதும். பிளீச்சிங் திரவத்தை அம்மோனியாவோ அமிலமோ உள்ள துப்புரவுத் திரவத்தோடு கலந்தால் நச்சு வாயு எழும் என்பதைத் துப்புரவுப் பணியாளருக்குச் சொல்லியே அனுப்ப வேண்டும். சுவர் உலர்ந்ததா என்பதைக் கையால் தொட்டு முடிவு செய்யாமல் ஈரமானியால் அளந்து, உலர்ந்த அருகுச் சுவரின் அளவோடு ஒப்பிட்ட பிறகே பட்டி போட வேண்டும்.

மின்சாரமும் தீயும்

மின்னிணைப்பைத் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். மின்னணுக் கருவிகளைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் மெக்கர் என்னும் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தால், கம்பியின் காப்புறை மின்கசிவைத் தடுக்கும் அளவான காப்புத்தடை குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ஈரமோ, எலி கடித்த கம்பியோ, காலத்தால் நொறுங்கிய காப்போ எங்கோ இருக்கிறது. எர்த் தொடர்ச்சியையும் ஒவ்வொரு பிளக்கிலும் கம்பி மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்து, கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாவிட்டால் பொருத்த வேண்டும். பல நாடுகளில் உயிர்க்காப்புக்கு 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் வகையே வழக்கம். அடுத்து, பிளக்குகளின் எண்ணிக்கை. ஒரே பிளக் உள்ள சமையலறையில் குடியேறும் குடும்பம் நீட்டிப்புக் கம்பியை இழுத்துத்தான் ஆக வேண்டும், அந்தக் கம்பி சூடாகித் தீப்பிடிக்கும் வாய்ப்பும் அதோடு வரும். சுவர் திறந்திருக்கும்போது கூடுதலாக இரண்டு இணைப்பு போடுவது மிகக் குறைந்த செலவு. புகை அறிவிப்பான் பத்து ஆண்டுகளைக் கடந்திருந்தால் சத்தம் வந்தாலும் மாற்றிவிட வேண்டும். எரிவாயுவோ விறகோ எரியும் கருவி இருந்தால் கார்பன் மோனாக்சைடு அறிவிப்பானும் தேவை.

கதவு, ஜன்னல், பெயின்ட்

பொது நடைபாதையில் திறக்கும் முன்கதவு பல கட்டடங்களில் தீத்தடுப்புக் கதவாகும். அதை அடியில் சீவுவதோ, தானாக மூடும் கருவியைக் கழற்றுவதோ, கூடுதல் பூட்டுக்காகத் துளையிடுவதோ அதன் பயனைக் கெடுத்துவிடும். மேல்தளங்களில் ஜன்னல் திறக்கும் இடைவெளியும் பால்கனிக் கம்பிகளுக்கு இடையேயான இடைவெளியும் 10 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சிறு குழந்தை நுழைந்து விழாது. ஆயினும் தீ விபத்தில் தப்பிக்கும் வழியாகக் கருதப்படும் ஜன்னலைப் பெரியவர் உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும். முந்தைய குடியிருப்பவருக்காகப் பொருத்திய கைப்பிடிக் கம்பிகளையும் சரிவுப் பாதையையும் பெயர்த்து எறிந்துவிட்டு, அடுத்த மாதமே வேறொரு வீட்டில் புதிதாகப் பொருத்துவது வீண்செலவு. அவை தேவைப்படும் குடும்பத்தையே அந்த வீட்டுக்குத் தேர்ந்தெடுக்கலாம். பெயின்ட் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: உலர்ந்த சுவர், ஒரு பிரைமர், இரண்டு பூச்சு, துடைக்கக் கூடிய வகை.

ஒதுக்கீடும் சாவியும்

டைல்ஸ் வேலை முடியும் கட்டத்தில் வீடு தயாராகும் தேதியை ஓரளவு உறுதியாகச் சொல்லிவிட முடியும். ஒதுக்கீட்டுப் பிரிவு அந்த நாளுக்குள் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, ஆவணங்களைச் சரிபார்த்து, வீட்டைக் காட்டியும் இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் சக்கர நாற்காலியில் செல்பவரோ ஆஸ்துமா உள்ள குழந்தையோ இருந்தால், அதற்கேற்ற மாற்றத்தை வேலையாட்கள் உள்ளே இருக்கும்போதே செய்துவிடலாம். வேலை முடிந்து ஆளில்லாமல் கிடக்கும் புதுப்பித்த வீட்டில் செம்புக்குழாயும் மின்கம்பியும் திருடு போவதும் உண்டு.

இறுதிச் சோதனையை அந்த வேலையில் ஈடுபடாத ஒருவர் செய்ய வேண்டும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து, அதே சமயம் ஃப்ளஷ் செய்து, எல்லா விளக்குகளையும் விசிறிகளையும் ஓடவிட்டு, ஒவ்வொரு கதவையும் தாழிட்டுத் திறந்து பார்த்தால், தனித்தனியாகச் சோதித்தபோது தெரியாத குறைகள் வெளிப்படும். சாவி கொடுக்கும்போது நீரின் தலைவால்வு, மெயின் சுவிட்ச், எரிவாயு வால்வு ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதைக் குடும்பத்தில் குறைந்தது இருவர் தம் கையால் ஒரு முறை மூடித் திறந்து தெரிந்துகொள்ளச் செய்ய வேண்டும். மீட்டர் அளவுகளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, பழுதைத் தெரிவிக்க வேண்டிய எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் ஒரு மாதம் கழித்து மேற்பார்வையாளர் மறுபடியும் போய், குளியலறையின் கீழ்ப்புறத்தையும் பழைய கசிவு இடங்களையும் ஈரமானியால் அளந்து, அந்த அளவுகளை முதல் நாள் ஆய்வுத் தாளோடு சேர்த்து வீட்டின் கோப்பில் வைக்க வேண்டும். அடுத்த முறை அந்த வீடு காலியாகும்போது ஆய்வு அந்தத் தாளிலிருந்து தொடங்கும்.